சந்தியாகுவும் ஜேம்சும் ஒரே பெயர்தானா?

கேள்வி: எங்கள் தாத்தாவின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் 'யாக்கோபுஸ்', பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவில் 'ழாக்', வீட்டுப் பத்திரத்தில் 'சந்தியாகு', குடும்ப அட்டையில் 'யாகப்பன்'. கடலூரில் இருக்கும் பங்காளிகளோ அவரை 'ஜேம்ஸ் தாத்தா' என்றே சொல்கிறார்கள். இவை எல்லாம் ஒரே பெயரா? ஒரே ஆள் என்று எப்படி நிறுவுவது? பிறந்திருக்கும் பையனுக்கு அவர் பெயரை வைக்க விரும்புகிறோம். எந்த வடிவத்தில் வைக்கலாம்?

பதில்:

ஐந்தும் ஒரே பெயர்தான். சந்தேகமே வேண்டாம். ஆனால் பெயர் ஒன்று என்பதாலேயே ஆள் ஒன்று ஆகிவிடாது. புதுச்சேரி, கடலூர் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தலைமுறைக்கு ஒரு யாகப்பனாவது இருப்பார். ஆகவே முதலில் பெயரின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் எந்தக் காகிதத்தை யார் கை எழுதியது என்பது தானாகவே விளங்கும். ஆளை உறுதி செய்யும் வேலை அதற்குப் பிறகு.

மூலச்சொல் எபிரேயம். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய 'யஅக்கோவ்' என்று எழுதலாம். நடுவில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு மெய்யொலி உண்டு. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. விவிலியத்தின் தொடக்கநூல் 25ஆம் அதிகாரத்தில் இரட்டையரில் இளையவன் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறக்கிறான். 'அக்கேவ்' என்றால் குதிகால். அதனால் இந்தப் பெயர். 27ஆம் அதிகாரத்தில் ஏமாந்துபோன அண்ணன் அதே வேரை வைத்து 'இருமுறை என்னை வஞ்சித்தான்' என்று குமுறுகிறான். பெயர் அகராதிகள் 'ஏமாற்றுபவன்' என்று பொருள் போடுவது இதிலிருந்துதான். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு இந்தப் பெயர் வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஒதுக்கத் தேவையில்லை. விவிலியக் கதை பெயரின் ஒலியை வைத்துச் செய்யும் சொல்நயம் அது. கி.மு. 18ஆம் நூற்றாண்டு மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் அமோரியர் பெயர்களாக 'யஹ்கூப்-ஏல்' போன்றவை கிடைத்திருக்கின்றன. மேற்காசியாவிலிருந்து வந்த ஹிக்சோஸ் மக்கள் எகிப்தை ஆண்ட காலத்து ஆட்சியாளர் ஒருவரின் முத்திரைகளில் 'யாகூப்-ஹர்' என்று இருக்கிறது. இவை 'கடவுள் காப்பாராக' என்ற வாக்கியப் பெயர்கள் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. 'ஏல்' என்ற கடவுள் பகுதி உதிர்ந்து வினை மட்டும் பெயராக நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

கிரேக்கத்துக்குப் போனபோது பெயர் இரண்டாகப் பிரிந்தது. முழுக் குழப்பத்துக்கும் வேர் இந்த இடம்தான். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் மேலே சொன்ன இளையவனான முதுபெரும் தந்தையின் பெயரை 'யாக்கோப்' என்று வேற்றுமை உருபு ஏற்காமல் அப்படியே விட்டார்கள். புதிய ஏற்பாட்டுக் காலத்து ஆட்களுக்கோ கிரேக்க விகுதி சேர்த்து 'யாக்கோபொஸ்' என்று எழுதினார்கள். இலத்தீனும் அதையே பின்பற்றியது: முன்னவர் யாக்கோப், இயேசுவின் சீடரான திருத்தூதர் யாக்கோபுஸ். எபிரேயத்தில் தாத்தனுக்கும் பேரனுக்கும் பொதுவாக இருந்த ஒரு பெயர், ஐரோப்பாவுக்குள் நுழையும்போதே இரண்டு பெயர்களாக நுழைந்தது. ஆங்கிலத்தில் ஜேக்கப் வேறு, ஜேம்ஸ் வேறு. பிரெஞ்சில் ழக்கோப் வேறு, ழாக் வேறு. போர்த்துகீசியத்தில் ழக்கோ வேறு, தியாகு வேறு.

இலத்தீன் பேச்சில் இன்னொரு பிளவு. எழுத்திலக்கணப்படி 'யாகோபுஸ்' என்று நடு அசை அழுத்தம் பெற வேண்டும். மக்கள் வாயிலோ கிரேக்கர் போல முதல் அசையே அழுத்தம் பெற்றது. அழுத்தம் இழந்த நடுவசை தேயத் தொடங்கியது. ஒரு பக்கம் ப-கரம் நின்றது, இன்னொரு பக்கம் அது ம-கரமாகி 'யாகொமுஸ்' ஆனது. இரண்டும் இதழ் ஒலிகள், மாறுவதில் வியப்பில்லை. ம-கர வழியில் வந்தவை இத்தாலியின் ஜாக்கொமோ, கட்டலோனியாவின் ழௌமெ, ஸ்பெயினின் ஹைமே, பழைய பிரெஞ்சின் ஜாம்ஸ். நார்மானியரோடு இங்கிலாந்துக்குப் போன அந்தக் கடைசி வடிவமே ஜேம்ஸ். ப-கர வழியில் நடுவசை முழுதும் விழுந்து, பிரெஞ்சில் 'ழாக்' என்ற ஓரசை மட்டும் மிஞ்சியது. ஜேம்சில் ஒரு 'ம்' எப்படி வந்தது, யாக்கோபில் அது இல்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

முதலெழுத்து ஏன் ய, ஜ, ழ என்று ஆடுகிறது? இலத்தீனில் அது ய-கரம். உரோமைக் கிளைமொழிகளில் ய-கரம் ஜ-கரமாக இறுகியது; பிரெஞ்சில் மேலும் மென்மையாகி, தமிழில் நாம் வசதிக்காக 'ழ' போட்டு எழுதும் ஒலியானது; ஸ்பெயினில் காற்றொலியாகி ஹ போலக் கேட்கிறது. ஐரோப்பியர் 'ஐ', 'ஜே' என்ற இரண்டையும் வெகுகாலம் ஒரே எழுத்தாகவே எழுதினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் பிரித்தார்கள். பழைய பதிவேட்டின் அகரவரிசையில் 'ஜே' பகுதியில் பெயர் கிடைக்காவிட்டால் 'ஐ' பகுதியையும் பாருங்கள்.

இனி சந்தியாகு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் திருத்தூதரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாக 9ஆம் நூற்றாண்டில் செய்தி பரவியது. அந்த இடமான கம்போஸ்தெலா ஐரோப்பாவின் பெரிய திருப்பயணத் தலமானது. நம் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பதைப் போல, பிரான்சிலிருந்தும் செருமனியிலிருந்தும் மக்கள் பல வாரங்கள் நடந்தார்கள். பெயர் பரவியதும் அந்தப் பாதை வழியாகத்தான். அங்கே 'யாகொபுஸ்' தேய்ந்து 'யாகோ' ஆனது. முன்னால் 'புனித' என்ற பொருளுடைய 'சாந்த்' சேர்ந்தது: சாந்த்-யாகோ, சாந்தியாகோ. பிறகு மக்கள் காதில் அது 'சான்-தியாகோ' என்று தவறாகப் பிரிந்து, 'தியாகு' என்று தனிப்பெயர் பிறந்தது. 'தியேகோ' என்ற ஸ்பானியப் பெயரும் இதே பிரிவில் வந்தது என்று பலர் சொல்வார்கள்; அறிஞர்கள் அதில் ஒத்துப்போகவில்லை. இலத்தீன் ஆவணங்கள் தியேகோவை 'திதாக்குஸ்' என்று தனியாகவே எழுதும். உங்கள் பதிவேட்டில் திதாக்குஸ் என்று கண்டால் அவரை யாகப்பனாக எண்ணிவிடாதீர்கள்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது இந்தப் பெயர் போர்த்துகீசியர் வாய்வழியாகத் தமிழுக்குள் வந்தது. ஸ்பானியர் வாய் அல்ல என்பதற்குப் பெயரின் கடைசி எழுத்தே ஒரு சான்று. போர்த்துகீசியத்தில் அழுத்தமில்லாத இறுதி ஓ-காரம் உ போல ஒலிக்கும்; 'சப்பாத்து' என்ற சொல்லும் அப்படி வந்ததே. 'ன்த்' என்பது தமிழ் நாவில் இயல்பாக 'ந்த' ஆகி மெலிந்தது. இரண்டு உயிருக்கு நடுவே வந்த 'கு' மெலிந்தே ஒலிக்கும். ஆக, சாந்தியாகு நம் வாயில் சந்தியாகு. சந்தி, சந்தியா என்ற வடசொற்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 'புனித' என்ற அடைமொழி பெயருக்குள்ளேயே இருக்கிறது என்பதும் மறந்துபோய், 'புனித சந்தியாகப்பர்' என்று மேலும் ஒருமுறை புனிதம் சேர்த்துக்கொண்டோம். தங்கச்சிமடம் பக்கத்து வேர்க்காட்டில் உள்ள கோயில் இந்தப் பெயரில் புகழ்பெற்றது. புதுச்சேரிக்காரருக்கு இந்த மாற்றம் புதிதல்ல. மிஷன் வீதிப் பேராலயத்தைச் சம்பா கோயில் என்கிறோமே, அது நெல் பெயரல்ல; முன்பு இயேசு சபையார் அங்கே எழுப்பிய பவுல் கோயிலின் பெயர், 'சாம் பவுலு', தேய்ந்து நிற்பது.

யாகப்பன் வேறு பட்டறையில் செய்யப்பட்டது. தமிழகக் கத்தோலிக்கக் குருக்கள் ஐரோப்பியப் பெயர்களைத் தமிழாக்கிய முறை மிக அழகானது. அதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சில பெயர்களில் பொருளைப் பெயர்த்தார்கள்: 'கடவுள் அருளினார்' என்ற யோவான் அருளப்பன் ஆனார், இலத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்படும் பவுல் சின்னப்பன் ஆனார், 'மேலும் சேர்ப்பார்' என்ற யோசேப்பு வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளன் ஆனார். சில பெயர்களில் ஒலியின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு 'அப்பன்' சேர்த்தார்கள். யாகப்பன் இந்த இரண்டாம் வகை. யாகொப் என்பதன் இறுதி ப-கரம் அப்பனின் ப-கரத்தோடு கலந்துவிட்டதால் ஒட்டுப்போட்ட தடமே தெரிவதில்லை. மரியாதையாகச் சொன்னால் யாகப்பர், வீட்டில் யாகப்பன். முருகப்பன், அய்யப்பன் என்று பெயர் வைத்துப் பழகிய ஊரில் இது அந்நியமாக ஒலிக்கவே இல்லை.

சீர்திருத்த சபையார் அந்த வழியில் போகவில்லை. தரங்கம்பாடியில் 1714–15இல் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு கிரேக்க மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அவர்கள் மரபில் நிலைத்த வடிவம் யாக்கோபு. கடலூரிலும் 1740 முதல் லூத்தரன் மிஷனரி கியர்நாந்தர் பணிசெய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். இந்த மரபில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கிரேக்கர் பிரித்ததைத் தமிழ் மறுபடி சேர்த்துவிட்டது: ஈசாக்கின் மகனும் யாக்கோபு, செபெதேயுவின் மகனும் யாக்கோபு. 1995இல் வந்த கத்தோலிக்க, சீர்திருத்த சபைப் பொது மொழிபெயர்ப்பும் யாக்கோபையே எடுத்துக்கொண்டது. அதனால் இன்று கத்தோலிக்க வாசகத்திலும் யாகப்பரைக் கேட்க முடிவதில்லை. இளையவர்களுக்கு இரண்டும் ஒன்று என்பது தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலூர்ப் பங்காளிகள் ஜேம்ஸ் என்பதற்கும் புதுச்சேரிக் காகிதம் ழாக் என்பதற்கும் விளக்கம் நிலப்படத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். ஆங்கிலேயர் 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கினார்கள். நடுவில் சில மைல்தான். எல்லைக்கு வடக்கே பெயரை எழுதிய எழுத்தர் பிரெஞ்சு படித்தவர், தெற்கே ஆங்கிலம் படித்தவர். இன்னும் தெற்கே பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியர், தரங்கம்பாடியில் தேனியர். ஒரே கடற்கரையில் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இந்தப் பெயரின் அத்தனை வடிவங்களும் இறங்கியிருக்கின்றன.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். பிரெஞ்சு ழாக் வேறு, ஆங்கில ஜாக் வேறு. ஆங்கில ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்லப்பெயர். ஜான், ஜான்கின், ஜாக் என்று வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ழாக்கைத் தமிழில் 'ஜாக்' என்று எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலமாக்கும்போது ஜான் என்று 'திருத்தி' விடுவது உண்டு. அங்கே யாகப்பன் அருளப்பனாகிவிடுகிறார்.

இதே பெயர் இஸ்லாமிய வழியிலும் இங்கே வாழ்கிறது. குர்ஆனில் யஃகூப் நபியின் பெயர் 16 இடங்களில் வருகிறது. காரைக்காலிலும் பரங்கிப்பேட்டையிலும் யாகூப், யாக்கூப், யஃகூப் என்று எழுதுவார்கள். அரபியின் தொண்டையொலியை ஒருவர் நெடிலாகவும் இன்னொருவர் ஆய்தமாகவும் காட்டுவதால் வரும் வேறுபாடு அது. பழைய பத்திரங்களில் 'யாகூபு' என்று உகரம் சேரும். எழுத்து மங்கிய பத்திரத்தில் யாகூபும் யாக்கோபும் எளிதில் ஒன்றாகிவிடும். தந்தை பெயரைப் படிக்காமல் முடிவு செய்யக் கூடாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்ற இரு மூலைகளையும் சேர்த்தால், ஏனாமின் தெலுங்கில் யாகோபு, மாஹேயின் மலையாளத்தில் யாக்கோப். கேரளச் சுரியானியர் வழக்கான சாக்கோவும் இதே பெயர்தான். ழாக் போல ஒலித்தாலும் பிரெஞ்சிலிருந்து வந்ததல்ல.

தொலைதூர உறவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருசியாவில் யாக்கொவ், போலந்தில் யாக்குப், அங்கேரியில் யாகப், பின்லாந்தில் யாக்கோ, ஆர்மீனியாவில் ஹாகோப், வேல்சில் யாகோ, அயர்லாந்தில் ஷேமஸ். ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் தனிக் கதை: அங்கே கேலிக் மொழியில் பெயர் ஷேமஸ்; விளிக்கும்போது முதலொலி ஹ ஆகி 'ஏ ஹேமிஷ்' என்றாகும். ஆங்கிலம் பேசுவோர் விளிவேற்றுமையையே பெயரென்று எடுத்துக்கொண்டார்கள். 'முருகா' என்று கூப்பிடுவதைக் கேட்டவர் முருகன் பெயரே முருகா என்று எழுதிக்கொண்டதைப் போல. ஸ்காட்லாந்து அரசர்கள் வரிசையாக ஜேம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்; 1603இல் அவர்களில் ஒருவர் இங்கிலாந்துக்கும் அரசரானபின் ஆங்கில உலகில் அது வீட்டுக்கு வீடு பெயரானது. பிரான்சிலோ நேர்மாறு: ழாக் என்றால் குடியானவன் என்றே பொருள் ஏறியது. 1358இல் நடந்த உழவர் கிளர்ச்சிக்கு 'ழாக்கெரி' என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் போடும் ஜாக்கெட்டின் பெயரையும் அந்தக் குடியானவர் மேலாடையோடு இணைத்துப் பார்க்கும் சொற்பிறப்பு அகராதிகள் உண்டு. ஜாக்குலின் என்பது ழாக்கின் பெண்பால். ஒரே குடும்பத்தில் தாத்தா யாகப்பன், பேத்தி ஜாக்குலின் என்றால் பெயர் தொடர்ந்திருக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் காகிதங்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று செய்திகளைப் பென்சிலால் எழுதுங்கள்: ஆண்டு, மொழி, எழுதியவர் யார். பெயரின் வடிவம் பெரும்பாலும் எழுதியவரின் பழக்கத்தைக் காட்டுமே தவிர, உங்கள் தாத்தா தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதைக் காட்டாது. பங்குக் குரு இலத்தீனில் எழுதினால் யாக்கோபுஸ்தான் எழுத முடியும். அந்த மொழியில் சந்தியாகுவுக்கும் யாகப்பனுக்கும் வேறு சொல் கிடையாது. பத்திர எழுத்தர் தமிழில் கேட்டதை எழுதினார். அதனால் வாழ்நாளில் ஊர் அழைத்த பெயரை அறியப் பத்திரமே நம்பகமானது.

இலத்தீன் பதிவில் வேற்றுமை உருபுகளைக் கவனியுங்கள். 'யாக்கோபும்' என்று இருந்தால் 'யாக்கோபுக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன்' என்ற வாக்கியத்தின் செயப்படுபொருள். 'யாக்கோபி' என்றால் 'யாக்கோபின்', அதாவது தந்தை பெயர். இதைத் தனிப் பெயரென்று எண்ணி, 'தாத்தாவின் அப்பா பெயர் யாக்கோபி' என்று வம்சாவளியில் எழுதிவிட்டால் அடுத்த அலுவலகத்தில் அது வேறு ஆளாகிவிடும். 'யாக்.' என்று சுருக்கியும் எழுதியிருக்கலாம்.

பிரெஞ்சுப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர் தேடும்போது அவர்களின் எழுத்துப் பழக்கம் தெரிய வேண்டும். உ ஒலிக்கு ஓ-வையும் யூ-வையும் சேர்த்து எழுதுவார்கள். அதனால் சந்தியாகு 'கு' முடிவில் மூன்றெழுத்துப் பெறும். 'ந்தி'யைக் கேட்டபடி 'டி' (d) எழுத்தால் எழுதுவார்கள். ஆங்கிலப் பதிவில் அதே இடத்தில் 'டி, எச்' (th) இரண்டும் இருக்கும். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் அது இசட் ஆகிவிடும் என்பதால் 'சாமி'க்கு இரட்டை எஸ் போடுவார்கள். 'அன்' என்று முடிந்தால் மூக்கொலியாகப் படித்துவிடுவார்கள் என்பதற்காக இறுதியில் ஓர் ஈ எழுத்தைச் சேர்ப்பார்கள், அது ஒலிக்காது. சில இடங்களில் 'அப்பன்' என்பதை 'அப்பின்' போல எழுதியிருப்பார்கள். ரெயூனியன் தீவுக்குப் போன தமிழர் வழியில் விராப்பின், சின்னப்பின் என்ற குடும்பப்பெயர்கள் இன்றும் உள்ளன. ஆக, அகரவரிசையில் ஐ, ஜே, எஸ், ஒய் ஆகிய நான்கு எழுத்துகளிலும் தேடாமல் 'பதிவு இல்லை' என்று திரும்பாதீர்கள்.

இன்னொன்று. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பலர் தந்தை பெயரையே அப்படி நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே 'சந்தியாகு ழாக்' என்று ஒரு பதிவு கண்டால், ஒரே பெயரை இருமுறை எழுதிய பிழை என்று நினைக்க வேண்டாம். முதலாவது குடும்பப்பெயர், இரண்டாவது அவருடைய பெயர். 'சந்தியாகு மரி' என்று ஒரு பெண் இருப்பதும் இதனால்தான். பத்திரத்தில் உள்ள 'சந்தியாகு' உங்கள் தாத்தாவா, அவருடைய தந்தையா என்பதை இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகச் சரிபாருங்கள். பிழை அதிகம் நடப்பது இங்கேதான்.

பழைய தமிழ்க் கையெழுத்தில் புள்ளி இருக்காது. காலும் ர-வும் ஒன்றுபோல் இருக்கும். ஒ, ஓ வேறுபாட்டைக் காட்டும் முறை வீரமாமுனிவருக்குப் பிறகும் எல்லோர் கைக்கும் வரவில்லை. 'யாக்கொபு' என்றிருந்தால் திகைக்க வேண்டாம். 'தியாகு' என்று மட்டும் இருந்தால் இருவழியும் யோசியுங்கள்: அது தியாகராஜனின் சுருக்கமாக இருக்கலாம், சந்தியாகுவின் வாலாகவும் இருக்கலாம்.

ஒரே ஆள் என்று நிறுவப் பெயரை ஒப்பிடாதீர்கள். பெயரைச் சுற்றி உள்ளவற்றை ஒப்பிடுங்கள். தந்தை, தாய், மனைவி பெயர், பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்), தெரு, வயது. இவற்றில் குறைந்தது நான்கு பொருந்தினால் கை வைக்கலாம். மிக வலுவான கண்ணி ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்பு. 1908 முதல் நடப்புக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்குத் திருமணமானால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அங்கே பாட்டியின் பெயர் இருந்தால் குழந்தை யாக்கோபுசும் பாட்டியின் கணவர் யாகப்பனும் ஒருவரே என்பது ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். பங்கில் சான்றிதழ் கேட்கும்போது ஓரக் குறிப்போடு, பதிவேட்டில் உள்ள எழுத்துப்படியே நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இக்காலத்துக்கு ஏற்ப 'ஜேம்ஸ்' என்று மாற்றிக் கொடுத்தால் உங்கள் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடும்.

பிறந்த நாளும் ஒரு குறிப்புத் தரும். யாகப்பர் என்ற பெயரில் திருத்தூதர் இருவர். செபெதேயுவின் மகனான பெரிய யாகப்பர் திருநாள் ஜூலை 25. சின்ன யாகப்பர் திருநாள் பிலிப்புவோடு சேர்த்து 1955 வரை மே 1, 1956 முதல் மே 11, 1970 முதல் மே 3. தாத்தா ஜூலை கடைசி வாரத்தில் பிறந்தவர் என்றால் சந்தியாகு என்ற வடிவத்துக்குக் காரணம் உண்டு. அந்த வடிவம் பெரியவருக்கு மட்டுமே உரியது. மே முதல் நாளை ஒட்டிப் பிறந்து பிலிப்பு என்ற இரண்டாம் பெயரும் இருந்தால் அவர் சின்னவரின் பெயர் தாங்கியவர். இது குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவதே நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். நாளுக்கும் பெயருக்கும் தொடர்பில்லாமலும் இருக்கலாம்.

இந்திய அலுவலகங்களுக்கு, எல்லா வடிவங்களையும் ஆவணம், தேதி, எண்ணோடு வரிசைப்படுத்தி, 'இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் செய்து, மேற்சொன்ன நகல்களை இணைப்பது வழக்கமான முறை. 'சந்தியாகு என்கிற யாகப்பன்' என்று எழுதுங்கள். 'யாகப்பன் என்பது தவறு' என்று எழுதாதீர்கள். தவறு என்று ஒப்புக்கொண்டால் அந்த ஆவணத்தையே திருத்தச் சொல்வார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கான கோப்பாக இருந்தால் இந்த உறுதிமொழி மட்டும் போதாது. அங்கே பிறப்பு, திருமணப் பதிவுகளின் முழு நகலே பேசும். வெளிநாட்டுப் பதிவுகளுக்கான மைய அலுவலகம் பிரான்சின் நாந்த் நகரில் உள்ளது. அதன் வசம் உள்ள பதிவுகளில் எழுத்துப்பிழை திருத்துவது அந்நகர அரசு வழக்கறிஞரின் பொறுப்பு. பழைய பதிவேடுகள் பலவற்றின் படங்களை எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள்.

பையனுக்கு என் தேர்வு சந்தியாகு. தாத்தாவை ஊர் அழைத்த பெயர் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாவில் பிறந்த வடிவம் என்பதால் வாயில் வழுக்காது. ழாக் என்று வைத்தால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை இந்திய அலுவலகங்களில் 'ஜாக்ஸ்' என்றும் 'ஜாக்குவஸ்' என்றும் வாசிப்பார்கள். வாழ்நாள் முழுதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஜேம்ஸ் எளிது, ஆனால் தாத்தாவின் காகிதம் எதிலும் அது இல்லை. யாகப்பன் அழகான பெயர், அதை விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். எதை எடுத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றை முடிவு செய்து, மருத்துவமனையில் நிரப்பும் படிவம், பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு மூன்றிலும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்க விதியில் இடமுண்டு. முன்னெழுத்தை விரித்து எழுதுவதா சுருக்கி எழுதுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிரெஞ்சுக் கோப்பு எப்போதாவது தேவைப்படும் குடும்பம் என்றால் தந்தை பெயரை முழுதாக விரித்தே எழுதுவது நல்லது.